கள்ளிமுளையான்: பசியை அடக்குமா, கிளப்புமா?

கேள்வி, 12.08.2023
கரட்டுப் பக்கம் நாலு பட்டையாக, இலையே இல்லாமல் முளைத்து நிற்கிற கள்ளிமுளையானைத் தின்றால் நாள் முழுக்கப் பசிக்காது, உடம்பு இளைக்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கள்ளியைத் தின்னலாமா? தின்று பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தொட்டியில் வருமா?

12.08.2023, இரவு
தின்றிருக்கிறேன், சின்ன வயதிலிருந்தே. காணொளியை நான் பார்க்கவில்லை, பார்க்கிற உத்தேசமும் இல்லை. செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், அது கள்ளி இல்லை. பேரில்தான் கள்ளி. தாவரவியலில் கரலூமா அட்செண்டன்ஸ் என்பார்கள். எருக்கு, அரளியோடு ஒரே குடும்பம். தின்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசம்தான். தண்டை ஒடித்துப் பாருங்கள். கள்ளியாக இருந்தால் சட்டென்று வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். கள்ளிமுளையானில் நிறமில்லாத தெளிந்த சாறு லேசாகக் கசியும், அவ்வளவே. அப்புறம், சதுரக்கள்ளி, திருகுகள்ளிக் கன்றுகளில் முள் இருக்கும். இதில் முள்ளே கிடையாது. பட்டையின் ஓரத்தில் பல் பல்லாக மழுங்கிய மேடுகள் மட்டும் இருக்கும். புதுத் தண்டில் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் எள்ளளவு இலை ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும்.

பால் வந்தால் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். பால் வராததாலேயே தின்னலாம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செடி தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வாயில் வையுங்கள்.

தொட்டியில் வரும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

13.08.2023
"அரளிக் குடும்பம் என்றால் விஷம் ஆச்சே?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். நியாயமான பயம். ஆனால் நன்னாரியும் அந்தக் குடும்பம்தான், களாக்காயும் அதேதான், சிறுகுறிஞ்சானும் அதேதான். குடும்பத்தை வைத்து ஒன்றையும் முடிவு கட்ட முடியாது, மனுசர்களில் மாதிரியே.

13.08.2023, மாலை
பசி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பத்தா கள்ளிமுளையான் துவையல் அரைக்கிற நாளில் உலையில் அரைப்படி அரிசி கூடுதலாகப் போடுவார். காய்ச்சல் விட்டு வாய்க்கசப்போடு கிடக்கிறவர்களுக்கும் இதைத்தான் அரைத்துக் கொடுப்பார், சோறு இறங்கட்டும் என்று. அந்த வீட்டில் வளர்ந்த என்னிடம் வந்து "இது பசியை அடக்கும்" என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இளைக்க வேண்டும் என்று துவையல் அரைத்தால் ஆளுக்கு இரண்டு உருண்டை சோறு கூடத்தான் போகும்.

14.08.2023
மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஆட்டுக் கிடையோடு போகிற கீதாரிகள் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். உச்சி வெயிலில், தண்ணீர் தூரத்தில் இருக்கும்போது, இளந்தண்டை ஒடித்து, பட்டை ஓரத்தை நகத்தால் கிள்ளிவிட்டுப் பச்சையாக மெல்வார்கள். தாகம் அடங்கும், வயிறும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் என்பார்கள். நானும் மென்றிருக்கிறேன். ஒரு கரகரப்பு, உப்பு, கடைசியில் நாக்கின் அடியில் பிடித்துக்கொள்ளும் கசப்பு. அந்தக் கசப்போடு உடனே சோற்றை நினைக்கத் தோன்றாது என்பது உண்மை.

ஆக, காட்டில் பச்சையாக மென்றால் ஒரு கதை, வீட்டில் புளியும் மிளகாயும் வைத்து அரைத்தால் இன்னொரு கதை. இரண்டையும் சொல்கிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள்தான், யாரும் பொய் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றி தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் 1795 இல் வெளியிட்ட தொகுதியில் இது படத்தோடு இருக்கிறது, ஸ்டேபீலியா என்ற பெயரில். இதன் தண்டைச் சனங்கள் பச்சையாகவே தின்பதை அவர் அப்போதே குறித்துவைத்திருக்கிறார். பின்னால் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் கரலூமா என்ற பேரினத்தை உண்டாக்கியபோது அதற்கு அடிப்படையாக நின்றதும் நம் கரட்டுச் செடிதான்.

17.08.2023
"அறிவியல் ஆய்வே இருக்கிறது, நீங்கள் அப்பத்தா கதை சொல்கிறீர்கள்" என்று ஒரு தம்பி கொதித்திருக்கிறார். சரி, ஆய்வையே பார்ப்போம்.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2007 இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவ ஆய்வு நிறுவனக் குழுவினர் வெளியிட்டது. உடல் நிறைக் குறியீட்டெண் 25 ஐத் தாண்டிய 50 பேர். ஒரு பாதிக்குத் தினம் 1 கிராம் சாரம், மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, 60 நாள். முடிவு: சாரம் எடுத்தவர்களுக்குப் பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. விளம்பரத்தில் முதல் வரியை மட்டும் போடுவார்கள்.

அப்புறம் அது சாரம். செடியில் இருக்கிற பிரெக்னேன் கிளைகோசைடு என்ற வகைப் பொருள்களைப் பிரித்துச் செறிவாக்கியது. நீங்கள் கரட்டில் ஒடித்து மெல்லும் நாலு தண்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. அந்த ஆய்வை வைத்துத் துவையலைப் புகழ்வதும் தப்பு, துவையலை வைத்து மாத்திரையை விற்பதும் தப்பு.

17.08.2023, சற்று நேரம் கழித்து
இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்கதை உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஹூடியா என்று இதற்கு ஒரு சொந்தக்காரச் செடி. காலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது மெல்வது. அதிலிருந்து எடுத்த பொருளுக்கு அங்குள்ள அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை எடுத்தது. சான் மக்களைக் கேட்காமல் செய்தார்கள் என்று பெரிய சண்டை. 2003 இல்தான் அவர்களுக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் வந்தது. கூட்டுச் சேர்ந்திருந்த பெரிய உணவு நிறுவனம் 2008 இல் திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் காட்டில் இருந்த செடியை வாரிக்கொண்டு போனதால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஹூடியாவைச் சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே கையைச் சுட்டுக்கொண்ட சந்தை, "இந்தியாவின் ஹூடியா" என்று இந்தப் பக்கம் திரும்பியது. நம் கரட்டுச் செடிக்கு வந்த வாழ்வு அப்படி.

சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே என்னைக் கேட்காதீர்கள்.

02.09.2023
ருசி பற்றி ஒன்று விட்டுப்போனது. காலையில் ஒடித்தால் புளிக்கும், சாயங்காலம் ஒடித்தால் புளிப்பு மங்கிக் கசப்பு தூக்கலாக இருக்கும். என் நாக்கின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். வறண்ட நிலத்துச் சதைச் செடிகள் பல பகலில் இலைத்துளையை மூடிவைத்து இரவில்தான் திறக்கும், ஈரம் போகாமல் இருக்க. இரவில் உள்ளே எடுத்த கரிவளியை மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்துப் பகலில் வெயிலைக் கொண்டு செலவழிக்கும். விடிகாலையில் அமிலக் கிடங்கு நிறைந்திருக்கும், பொழுது சாயும்போது காலி.

இதை நாக்கால் கண்டு எழுதியவரும் நம் பக்கத்தில் வேலை பார்த்தவரே. கும்பினிக் காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன், ரணகள்ளி (இதுவும் பேரில் மட்டும்தான் கள்ளி) இலையை மென்றுபார்த்து, காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று இருக்கிறது, மாலையில் கசக்கிறது என்று 1810களில் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்றைக்கு இதைப் பற்றிய ஆய்வுகள் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகின்றன.

துவையலுக்கு நான் மாலையில் ஒடிப்பதில்லை. புளி மிச்சம்.

10.09.2023
சொன்னபடி வளர்ப்பு.

கரட்டில் இது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வெட்டவெளியில் அதிகம் நிற்காது. கிளுவை வேலியின் அடி, சூரை முள்ளின் தூர், பாறை இடுக்கில் சேர்ந்த ஒரு பிடி மண், இப்படித்தான். வெயில் சல்லடையாக விழும், மழைத் தண்ணீர் நொடியில் ஓடிவிடும், ஆடும் சுலபமாக வாய்வைக்க முடியாது. தொட்டியில் இதைத்தான் நாம் செய்துகொடுக்க வேண்டும், ஆட்டை விட்டுவிட்டு.

தண்டு ஒரு சாண் நீளம் போதும். கத்தியால் நறுக்குங்கள், பிய்க்காதீர்கள். நறுக்கியதை நிழலில் நாலைந்து நாள் சும்மா போட்டுவையுங்கள். வெட்டுவாய் சுருங்கி, வெளிறிய தோல் கட்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. அதற்கப்புறம் இரண்டு விரல்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். ஊன்றிய கையோடு தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கிற கொலை. ஒரு வாரம் பொறுங்கள். தண்டு கொஞ்சம் வதங்கிச் சுருங்கினாலும் பதற வேண்டாம், அதற்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக, மண்ணால் ஆனதாக இருந்தால் நல்லது. வேர் மேலாகவே ஓடும். அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளம்பிப் பரவும். ஆழத் தொட்டியில் அடிமண் ஈரமாகவே கிடந்து வேரை அழுக்கும்.

மண்ணுக்குச் செம்மண் ஒரு பங்கு, பொடி சலித்த ஆற்றுமணல் அல்லது உடைத்த செங்கல் சல்லி இரண்டு பங்கு, ஒரு கை மட்கிய எரு. கரித்துண்டு இருந்தால் சேர்க்கலாம். கட்டட வேலைக்கு வருகிற எம்-சாண்டை அப்படியே கொட்டாதீர்கள். அதிலுள்ள மாவு இறுகிச் சிமெண்டுத் தளமாகிவிடும். கழுவிச் சலித்தால் பரவாயில்லை. தென்னை நார்க்கழிவு எல்லாச் செடிக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. இதற்கு வேண்டாம். மேலே காய்ந்தது மாதிரி தெரியும், உள்ளே விரலை விட்டால் சில்லென்று இருக்கும்.

அரைநாள் வெயில். முழு வெயிலில் வைத்தால் தண்டு செம்பழுப்பு ஏறிக் குட்டையாக நிற்கும். சாகாது, நிழலுக்கு மாற்றினால் பச்சை திரும்பும். வீட்டுக்குள் வைத்தால் மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும், அது நோய்க்கோலம்.

11.09.2023
தண்ணீர் எவ்வளவு என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். மண் அடிவரை காய்ந்த பிறகு ஒரு தடவை நன்றாக. அவ்வளவுதான். "தினம் கொஞ்சம்" என்ற சொல்லே இந்தச் செடிக்கு ஆகாது.

28.10.2023
மழை பிடித்துவிட்டது. தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு எடுத்துவிடுங்கள். கரட்டில் ஐப்பசி மழையில் நனைகிறதே என்று வாதம் செய்யாதீர்கள். அங்கே பாறைச் சரிவு, இங்கே பிளாஸ்டிக் தட்டு.

அடி அழுகல் எப்படித் தெரியும் என்றால், மண்ணை ஒட்டின இடம் முதலில் கண்ணாடி போட்டது மாதிரி வெளிறும், அப்புறம் பழுப்பாகி, அழுத்தினால் பிதுங்கும். மேலே தண்டு பச்சையாகவே இருப்பதால் பல பேர் கவனிப்பதில்லை. கண்டவுடன் பழுப்புக் கோடு அறவே இல்லாத இடத்தில் நறுக்கி, மறுபடி காயவைத்து ஊன்றுங்கள். நறுக்கிய வாயில் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னும் மேலே போங்கள்.

05.11.2023
பூத்திருக்கிறது!

பூக்கிற தண்டு மேலே போகப் போக மெலிந்து, எழுதுகோலின் ரீஃபில் பருமனுக்கு வந்துவிடும். அந்த மெலிந்த நுனி நெடுகப் பூக்கள் ஒன்றும் இரண்டுமாகத் தலைகவிழ்ந்து தொங்கும். ஐந்து முனை நட்சத்திரம், ரூபாய் நாணயம் அகலம். உள்ளே மங்கிய மஞ்சள், முனைகளில் கத்தரிப்பூ கலந்த பழுப்பு. என்னிடம் இருக்கிற வகையில் இதழ் ஓரத்தில் மெல்லிய ஊதா மயிர்கள். காற்றே இல்லாத மாதிரி இருக்கும்போதும் அவை மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மூக்கை ஒட்டிப் பிடித்தால் லேசான புளித்த வாடை. ஈக்களுக்கு அது போதும்.

எருக்கம்பூ மாதிரியே இதிலும் மகரந்தம் தூளாகப் பறக்காது, சிறு பொதியாகக் கட்டியிருக்கும். ஈ வந்து உட்கார்ந்து வாயையோ காலையோ இடுக்கில் விட்டால் பொதி கவ்விக்கொள்ளும். அடுத்த பூவில் அது சரியான இடுக்கில் செருக வேண்டும். இவ்வளவு வம்பு இருப்பதால்தான் பத்துப் பூ பூத்தாலும் காய் பிடிப்பது அபூர்வம்.

07.11.2023
"என் செடியில் இதழோர மயிர் இல்லை, அப்படியானால் அது போலியா?" இல்லை ஐயா. இந்த இனத்துக்குள்ளேயே பல வகைகள். மயிர் வைத்தது ஃபிம்பிரியேட்டா வகை. அட்டெனுவாட்டா என்றும் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இவற்றைத் தனித்தனி இனங்களாக எழுதிக்கொண்டிருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கிரேவ்லியும் மயூரநாதனும் இந்தியக் கரலூமாக்களை ஆராய்ந்து 1931 இல் அருங்காட்சியக வெளியீடாக எழுதியபோது, இதெல்லாம் ஒரே இனத்தின் வகைகள் என்று கொண்டுவந்தார்கள். மாத்திரை டப்பாவில் இன்னும் ஃபிம்பிரியேட்டாவைத் தனி இனமாகத்தான் அச்சடிக்கிறார்கள். 2017 இல் வேறு சில ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தையே தூக்கிச் செரோபீஜியா என்ற வேறு பேரினத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பெயர்ப்பலகையைப் பென்சிலில் எழுதிவையுங்கள்.

19.11.2023
பூச்சி. மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாகப் பூத்தண்டை மொய்த்துக் கிடப்பது அசுவினி. எருக்கிலும் அரளியிலும் வருகிற அதே ஆள், சொந்தம் பார்த்து இங்கேயும் வருகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சிதான் தலைவலி, பட்டைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தில் பஞ்சு ஒட்டியது போலத் தெரியும். பழைய பல் துலக்கும் தூரிகையில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வேப்பெண்ணெய் அடித்தால் வெயிலில் வைக்காதீர்கள், தண்டில் தழும்பு விழும். செடி காரணமில்லாமல் சுணங்கினால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், வேரிலும் வெள்ளை அப்பியிருக்கலாம்.

03.12.2023
துவையல் கேட்டவர்களுக்கு. இளந்தண்டாக ஒரு கைப்பிடி. பட்டை ஓரத்தை மட்டும் சீவிவிடுங்கள், நார் அங்கேதான். பிரண்டை மாதிரி சுணை கிடையாது, கைக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. சிறு துண்டாக நறுக்கி நல்லெண்ணெயில் நிறம் மாறிச் சுருளும் வரை வதக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் கசப்பு முழுசாக நிற்கும். உளுந்து, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தனியாக வறுத்து, புளி, உப்பு, ஒரு சில்லுத் தேங்காய் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் முடிந்தது. தேங்காய் போடக் கூடாது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கட்சி உண்டு. நான் எதிர்க்கட்சி.

முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சில வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

04.12.2023
ஒருவர் கிலோக் கணக்கில் வேண்டும், எந்தக் கரட்டில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். சொல்ல மாட்டேன். இதைக் கடப்பாரையால் தோண்டி மூட்டை கட்டிக்கொண்டு போன இடங்களை எனக்குத் தெரியும். அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் தலைகாட்டவில்லை. கீதாரிகள் தலைமுறையாக ஒடிக்கிறார்கள், ஆனால் ஒடிக்கத்தான் செய்கிறார்கள், பிடுங்குவதில்லை. தூர் இருந்தால் மறுபடி வரும். உங்களுக்கு வேண்டுமானால் வேலியோரத்தில் ஒன்றிரண்டு தண்டு கேட்டு வாங்கி ஊன்றுங்கள். ஒரு வருசம் பொறுத்தால் துவையலுக்கு ஆகும். வணிகத்துக்கு எடுக்கிற நிறுவனம் என்றால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி கேட்க வேண்டியவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

21.01.2024
இரட்டைக் காய் ஒன்று பிடித்திருக்கிறது, நேராக மேலே பார்த்தபடி. முற்றி வெடித்தால் எருக்கங்காய் மாதிரிப் பட்டு வைத்த விதைகள் பறந்துவிடும். அதனால் மெல்லிய நூலால் தளரச் சுற்றிவைத்திருக்கிறேன். விதை கிடைத்தால் காலம் தாழ்த்தாமல் மணல் மேல் தூவுங்கள். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். அலமாரியில் வைத்து மறந்துபோனது முளைக்கும் என்று நம்ப வேண்டாம். கேட்டவர்களுக்கு விதை கிடைத்தால் அனுப்புகிறேன், தபால் செலவு உங்களுடையது.

18.02.2024
முதலில் கேள்வி கேட்ட நண்பர் படம் போட்டிருக்கிறார். தண்டு கட்டைவிரல் பருமன், நுனி மெலியவே இல்லை, உச்சியில் உருண்டையாகக் கொத்து மொட்டு. இது நாம் பேசுகிற செடி இல்லை. இதன் உறவுக்கார இனம், அம்பெல்லேட்டா. இதையும் கள்ளிமுளையான் என்றே சொல்வார்கள். இதை நான் தின்றதில்லை, அதனால் துவையல் குறிப்பை இதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். மொட்டு விரிந்தால் கரும்பழுப்புப் பூவில் மஞ்சள் வரி வரியாக ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் செத்த எலி வாடை அடிக்கும். தொட்டியைச் சமையலறை ஜன்னலில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள்.